அந்தச் சுவர்கள் கிராஸ்னருடையவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஓவியர் ஜாக்சன் பொல்லாக் வாழ்ந்த வீடும் அவருடைய ஓவியக்கூடமும் அருங்காட்சியகமாகப் பேணப்படுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நவீன ஓவியத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுவதிலும் லீ கிராஸ்னரின் பெயர் ஒரே ஓரிடத்தில், அதுவும் பொல்லாக்கின் மனைவி என்ற அளவில் மட்டுமே வருகிறது. அந்த இடத்தின் பெயரே பொல்லாக்–கிராஸ்னர் இல்லம் என்பதும், அது இன்று அருங்காட்சியகமாக இருப்பதற்குக் காரணம் கிராஸ்னர்தான் என்பதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

1908-ல் புரூக்ளினில் பிறந்த கிராஸ்னர், ஓவிய ஆசிரியர் ஹான்ஸ் ஹோஃப்மனிடம் பயின்றவர். பொல்லாக்கின் புகழ் பரவும் முன்பே நியூயார்க்கின் அரூப ஓவியர்கள் நடுவே அறியப்பட்டிருந்தவர். 1945 அக்டோபரில் மணம் புரிந்துகொண்ட இருவரும், அடுத்த மாதமே ஈஸ்ட் ஹாம்ப்டனை அடுத்த ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், குளியலறையோ குளிர்காய்வதற்கான வசதியோ இல்லாத ஒரு பழைய மரவீட்டுக்குக் குடிபோனார்கள். வீட்டின் விலை 5,000 டாலர். அதற்கு முன்பணமாகக் கட்டிய 2,000 டாலரும் கலைப் புரவலர் பெக்கி குகன்ஹெய்ம் கொடுத்த கடன். அக்கபோனாக் ஓடையைப் பார்க்க முடியாதபடி மறைத்து நின்ற கொட்டகையை 1946-ல் அப்படியே பெயர்த்து ஓரமாக நகர்த்தி வைத்தபின், அது பொல்லாக்கின் ஓவியக்கூடமாயிற்று. கிராஸ்னருக்கு வாய்த்தது மாடியிலிருந்த ஒரு சிறிய படுக்கையறை. ‘லிட்டில் இமேஜஸ்’ என்ற வரிசை ஓவியங்களை அவர் அங்கேதான் தீட்டினார். அவை சிறியனவாக அமைந்ததற்கு அந்த அறையின் அளவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

கொட்டகையின் தரையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. துணியைத் தரையில் விரித்துச் சாயத்தை ஊற்றியும் சொட்டவிட்டும் தெறித்தும் பொல்லாக் வரைந்ததால், ‘ஆட்டம் ரிதம்’ (இலையுதிர்கால லயம்) உள்ளிட்ட ஓவியங்களின் விளிம்பைத் தாண்டி விழுந்தவையெல்லாம் மரப்பலகைகளில் அப்படியே படிந்திருக்கின்றன. 1950-ல் ஹான்ஸ் நமூத் எடுத்த புகைப்படங்களால்தான் அந்தக் கொட்டகை உலகப் புகழ் பெற்றது. அவற்றுள் சிலவற்றில் கிராஸ்னர் பின்னால் ஒரு ஸ்டூலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் கட்டுரையாளரும் அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டார் போலும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட கதை அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. 1953-ல் கொட்டகையைக் குளிர் தாங்கும்படி செப்பனிட்டபோது, சுவர்களின் உட்புறம் புதிதாக மூடப்பட்டது; சாயம் படிந்த தரையின் மேல் மரநாரை அழுத்திச் செய்த, சதுரச் சதுரமான அழுத்தப் பலகைகள் பதிக்கப்பட்டன. 1956 ஆகஸ்டில் பொல்லாக் கார் விபத்தில் மாண்டபின், கிராஸ்னர் மாடியறையை விட்டு அந்தக் கொட்டகைக்கு இடம் மாறினார். பெரிய துணிகளைச் சுவரில் அடித்து, நின்றபடியே அவர் வரையத் தொடங்கியது அங்கேதான். ஐந்து மீட்டருக்கும் அதிக அகலமுள்ள ‘தி சீசன்ஸ்’ என்ற 1957-ஆம் ஆண்டு ஓவியத்தை அந்தப் படுக்கையறையில் எந்தக் கோணத்தில் வைத்தும் வரைந்திருக்க முடியாது. 1984-ல் காலமாகும்வரை அவர் பயன்படுத்திய ஓவியக்கூடம் அது. பொல்லாக் அங்கே வேலை செய்தது பத்தாண்டுகள். கிராஸ்னருக்கோ அது கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உறவு. இன்று சுவர்களில் தெரியும் வண்ணத் தடங்கள் அவருடையவை.

அவ்வளவு காலமும் பொல்லாக்கின் தரை அழுத்தப் பலகைகளின் அடியில் பத்திரமாக இருந்தது. வீட்டை அருங்காட்சியகமாகவும் நூலகமாகவும் ஆக்க வேண்டும் என்று கிராஸ்னர் தம் உயிலில் எழுதிவைத்திருந்ததால், அது ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டோனி புரூக் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. அதற்கான ஆயத்தப் பணியின்போது பலகைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் தரை மீண்டும் வெளிப்பட்டது. 1988-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த இடம் 1994-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காலணிகளைக் கழற்றிவிட்டு, அங்கே தரும் மெத்தென்ற செருப்புகளை அணிந்துகொண்டுதான் பார்வையாளர்கள் அந்தத் தரையில் நடக்க முடியும் என்ற விவரத்தையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

கட்டுரையோடு வெளியான பெரிய படத்தில் தெரிவது தரையன்று, சுவர். அதன் கீழே, பொல்லாக்கின் கைவண்ணம் என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் குறிப்பையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் கிராஸ்னரின் பெயரோடு திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோயம்புத்தூர்.