கலாவுக்கு, திருட்டுப் போன வீட்டிலிருந்து

அன்புள்ள கலா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்பாய். கேள், எனக்கு வேண்டும். உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் பத்திரமாகத்தான் இருந்தன. போன மாதம் ஒருவன் வந்து அந்த இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனான். தரையில் கிடந்ததைப் பொறுக்கி அடுக்கும்போது உன் கையெழுத்து கண்ணில் பட்டது. ஆகவே இந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்வதானால் திருடனுக்குச் சொல்.

பதறாதே. ஆளுக்கு ஒன்றும் இல்லை. இவரும் நானும் வேலைக்குப் போயிருந்தோம். மடிக்கணினி போயிற்று, பழைய கேமரா போயிற்று, அம்மாவின் கைக்கடிகாரம் போயிற்று. அது ஓடி இருபது வருஷம் ஆகிறது. அவனுக்கு எதற்கு உதவப் போகிறது? அதற்காக மட்டும் அழுதேன்.

இப்போது நீ சிரிக்கப் போகும் இடம். நேரம் பட்டப்பகல், காலை பத்தரை மணி. "சீமாட்டி நல்ல ஏரியாவுக்குக் குடிபோகிறாள்" என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் நீ கேலி செய்தாயே, அதே நல்ல ஏரியா. கீழே கேமரா இருக்கிறது. அதில் தெளிவாகத் தெரிகிறது: ஒருவன் தோளில் பையோடு சாவகாசமாக வெளியே வருகிறான், எதிர்வீட்டுக்காரர் உள்ளே நுழைகிறார், பை கனமாக இருக்கிறதே என்று கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார். திருடன் தலையசைத்து நன்றி சொல்கிறான். என் மடிக்கணினிக்கு மரியாதையோடு வழியனுப்பு விழா! அவரிடம் கேட்டேன். "உங்கள் வீட்டு ஆள் என்று நினைத்தேன் மேடம்" என்றார். எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாது. நியாயமாகப் பார்த்தால் எனக்கும் அவர் பெயர் தெரியாது.

அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று இவரைக் கேள். ஒவ்வொரு முறையும் நம் பழைய தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாக்கியத்தம்மா ஞாபகம்தான். "யாருப்பா, யாரைப் பாக்கணும்?" அந்தத் திண்ணையைத் தாண்டி ஒருவன் பையோடு போயிருப்பானா? உன்னைப் பார்க்க வந்த கண்ணாடிக்காரரையே மூன்று கேள்வி கேட்டு வியர்க்க வைத்த ஆள் அல்லவா?

ஒரு மாதமாக ராத்திரித் தூக்கம் சரியில்லை. உட்கார்ந்து படித்துத் தள்ளினேன். நம் தெருவைச் சொன்னால் வேலை தர யோசித்தார்கள். இந்த ஏரியாவைச் சொன்னால் ஓ என்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. உன் பையன் வீடு பார்க்கிறான், குற்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு சிவப்பு அடித்த பகுதிகளை எல்லாம் தள்ளிவிட்டான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படித்துக் காட்டு. மாட்டேன் என்பான், இருந்தாலும் காட்டு.

முதலில் என் திருட்டு. 1979இல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது: குற்றம் நடக்க மூன்று விஷயங்கள் கூட வேண்டும். செய்யத் துணிந்தவன், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆளில்லாத நிலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் வசதி பெருகியது, திருட்டும் பெருகியது. வறுமைதான் காரணம் என்றால் குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்டுவிட்டு அவர்கள் சொன்ன பதில் எளிது. பெண்களும் வேலைக்குப் போனார்கள், பகலில் வீடுகள் காலியாயின. மின்சாதனங்கள் கையில் தூக்கிப் போகும் அளவுக்கு எடை குறைந்தன. காலி வீடு, லேசான மடிக்கணினி. என்னைப் பார்த்து எழுதியது போலவே இல்லை?

அடுத்தது என்னை உலுக்கிய விஷயம். ஷா, மெக்கே என்ற இருவர் சிகாகோ சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்குத் தோண்டி, 1942இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகரின் மையத்தை ஒட்டிய, பாழடைந்த, வாடகை மலிவான வட்டாரங்களில் சிறுவர் குற்றம் அதிகம். இது யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் அந்த வட்டாரங்களில் முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் போய் போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், குற்ற விகிதம் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோ புது இடத்தில் புது இடத்துப் பிள்ளைகளைப் போல ஆனார்கள். "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்று உன் மாமனார் சொல்வாரே, அதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. அவரிடம் நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும்.

அப்படியானால் இடத்தில் என்ன இருக்கிறது? அவர்கள் சொன்னவை வறுமை, பல மொழி பல தேசத்து மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது, ஓயாமல் குடிமாறுவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆண்டுக்கு ஒரு முறை பெட்டி கட்டுபவர்கள் இருக்கும் தெருவில் யார் யாரைக் கேள்வி கேட்பது? பாக்கியத்தம்மா நாற்பது வருஷம் ஒரே வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த அதிகாரம் அங்கிருந்து வந்தது.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1997இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு ஒன்றில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பையன்கள் தெருமுனையில் நின்றால் உங்கள் அண்டை வீட்டார் ஏதாவது கேட்பார்களா? யாராவது சுவரில் கிறுக்கினால்? பெரியவரிடம் ஒரு பிள்ளை மரியாதையில்லாமல் பேசினால்? கேட்பார்கள் என்று மக்கள் நம்பிய இடங்களில் வன்முறை குறைவு. ஏழ்மையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் குறைவு. படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நம் அத்தனை பேர் முதுகிலும் போட்ட அடி, காது திருகல், "உங்க அப்பாகிட்ட சொல்றேன் இரு" எல்லாம் கணக்கில் ஏறும் விஷயமாம்!

ஆனால் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய தெருவைப் பாடத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். அதே ஆய்வு, வறுமை ஒரே இடத்தில் குவிந்தால் இந்தப் பரஸ்பர நம்பிக்கையே கரைகிறது என்றும் சொல்கிறது. நம் தெருவிலும் ரத்தம் சிந்தியதே. மூலையில் பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடத்தை நினைத்துப் பார். கத்திக்குத்து அங்கே, சீட்டாட்டம் அங்கே, உன் சங்கிலியை அறுத்ததும் அங்கே. பாக்கியத்தம்மாவின் கண் எட்டாத முப்பது அடி. தெரு முழுவதும் கெட்டதாக நமக்கு என்றைக்காவது தோன்றியதா?

இதற்கும் கணக்கு உண்டு. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி முகவரியாகப் பிரித்தார்கள். சுமார் 3 சதவீத இடங்களிலிருந்து பாதி அழைப்புகள். சியாட்டிலில் 14 ஆண்டுகள் பார்த்தார்கள். ஒரு குறுக்குத் தெருவுக்கும் அடுத்த குறுக்குத் தெருவுக்கும் இடைப்பட்ட துண்டு ஒன்று என்று எண்ணினால், 4, 5 சதவீதத் துண்டுகளில் பாதிக் குற்றம். பெயர்கெட்ட பகுதியிலும் பெரும்பாலான தெருக்களில் ஒன்றும் நடப்பதில்லை. உன் பையன் வரைபடத்தில் ஒரு வட்டாரத்துக்கே சிவப்பு அடித்திருக்கிறார்கள். எந்த மூலைக்காக என்று யார் சொல்வது? பேருந்து நிலையமோ ரயில் நிலையமோ இருக்கும் இடத்தை எடுத்துக்கொள். குடியிருப்பவர்கள் சில ஆயிரம், தினம் வந்து போகிறவர்கள் லட்சம். அங்கே நடக்கும் பிக்பாக்கெட்டைக் குடியிருப்பவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் அது உலகத்திலேயே பயங்கரமான இடமாகத் தெரியும்.

சிவப்பு என்றதும் இன்னொன்று. 1930களில் அமெரிக்காவில் வீட்டுக்கடனுக்கான அரசு அமைப்பு ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. ஆபத்தானவை என்று சிவப்பு அடித்தவற்றில் கறுப்பின மக்களின் பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே அடக்கம். கடன் வராத வீடு இடியும், போக முடிந்தவன் போவான், மிச்சம் இருப்பவனுக்கு ஊர் வைக்கும் பெயர் ரவுடி. ஃபிலடெல்ஃபியாவில் அன்று சிவப்பாக இருந்த இடங்களில்தான் இந்த நூற்றாண்டிலும் துப்பாக்கிக் காயங்கள் அதிகம் என்று ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். வரைபடம் இடத்தைக் காட்டுகிறதா, உண்டாக்குகிறதா? உன் பையனிடம் இதைக் கேள்.

கலா, உன் தம்பி சின்னவனைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நம் தெருவில் அன்றைக்கு ராத்திரி அவன் செய்ததுதான் என்ன? பத்து மணிக்கு மேல் நான்கு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். ஜீப் வந்தது, கூட்டிப் போனார்கள், ஏதோ ஒரு பிரிவில் எழுதினார்கள். இந்த ஏரியாவில் என் மாடிக்கு நேர் கீழே வாரக் கடைசியில் பையன்கள் விடிய விடியக் குடித்துவிட்டுப் பாட்டில் உடைக்கிறார்கள். ஜீப் வருவதில்லை, செக்யூரிட்டி ஒருவருடைய அப்பாவுக்குப் போன் போடுகிறார். நம் தெருவின் கணக்கில் ஒன்று ஏறியது, இங்கே சுழியம். போலீஸ் எங்கே அதிகம் சுற்றுகிறதோ அங்கே சில்லறைக் குற்றம் அதிகம் பதிவாகும். எங்கே போலீசை நம்பவில்லையோ அங்கே வீட்டில் திருட்டுப் போனாலும் புகார் போகாது. நான் காப்பீட்டுக்காக மறுநாளே ஓடினேன். நீ சங்கிலிக்காகப் போனாயா? சின்னவனுக்கு அந்தத் தாளால் எத்தனை வேலை போயிற்று என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் இதை நாம் பேசியதே இல்லை. நான் ஊரைவிட்டுப் போய்விட்டேன் என்று உனக்குக் கோபம் என நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தால் திட்டி எழுது.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். அதே ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளை எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல்லும் மரமும் நட்டு, இடுப்பளவுக்கும் குறைவாக மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல் வெட்டுவதோடு நிறுத்தினார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் வந்த முடிவு: வறுமைக்கோட்டுக்குக் கீழான பகுதிகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. ஜனங்களை யாரும் மாற்றவில்லை. நம் மூலைக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பூங்கா போடு என்று நம் வாத்தியார் மனு எழுதிக்கொண்டே இருந்தாரே, பைத்தியம் என்றோமே.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1980களின் நடுவில் வீட்டுத் திருட்டு அங்கே தலைவிரித்து ஆடியது. ஏன் என்று பார்த்தால், பல வீடுகளில் காசு போட்டால் ஓடும் மின்சார, எரிவாயு மீட்டர். வீட்டுக்கு வீடு உண்டியல்! அதோடு, ஒரு முறை திருட்டுப் போன வீட்டுக்குத்தான் திரும்பவும் வருகிறார்கள், அதுவும் சில வாரங்களுக்குள். மீட்டரை மாற்றினார்கள், பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், திருட்டுப் போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டாரை அந்த வீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

சில வாரங்களுக்குள் திரும்பி வருவான் என்று படித்த ராத்திரி இவரை எழுப்பிக் கதவைச் சோதிக்கச் சொன்னேன். திட்டினார், ஆனால் சோதித்தார். மறுநாள் நானே போய் மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கத்தில் ஒன்று, எதிரில் ஒன்று என்று ஆறு வீட்டுக் கதவைத் தட்டினேன். நான்கு வருஷத்தில் முதல் தடவை. இரண்டு பேர் கதவைப் பாதி திறந்து பேசினார்கள், விற்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். மேல்மாடிப் பாட்டி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் பெயர் தாமோதரன், இனி கதவு பிடிப்பதற்கு முன்னால் பெயர் கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பையன் அந்த வீட்டைத் தள்ளுவதற்கு முன்னால் பகல் பதினொன்றுக்கு ஒரு முறை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு முறை அந்தத் தெருவில் போய் ஐந்து நிமிஷம் சும்மா நிற்கச் சொல். "யாரைப் பாக்கணும் தம்பி?" என்று யாராவது கேட்டால் முன்பணத்தைக் கொடுத்துவிடலாம்.

நான் இப்போது சாயங்காலங்களில் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இவர் என்னைப் பாக்கியத்தம்மா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார். நேற்று ஒரு கூரியர்க்காரனை மூன்று கேள்வி கேட்டேன், பாவம், வியர்த்துவிட்டான்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். சின்னவனுக்குத் தனியாக எழுதுகிறேன், முகவரி மட்டும் அனுப்பு.

உன்,
சீமாட்டி