அடாத்து, அத்துமீறல், சுவீகரிப்பு

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் சங்கத்து மனுவின் வரைவும் கிடைத்தன. காலபோக வெட்டு முடிந்து நெல்லும் காய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர், சந்தோஷம். இங்கே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற கூட்டம் இன்னும் கூடவில்லை. வழமையான இழுபறிதான்.

இனி, காணிகள் பறிபோனது பற்றிப் பிரதேச செயலகத்துக்கு நீர் எழுதிய மனு. தொடக்கம் முதல் முடிவு வரை ‘அபகரிப்பு’ என்றே எழுதியிருக்கிறீர். பத்திரிகைக்கு அது பொருந்தும், பிரதேச செயலகத்துக்குப் பொருந்தாது. காணி உத்தியோகத்தர் எந்தச் சட்டத்தின் கீழ் எதைச் செய்யவேண்டும் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. வாசிப்பார், கோவையில் போடுவார், அவ்வளவுதான். ஒரே சொல்லின் கீழ் நீர் கட்டி வைத்திருப்பவை வெவ்வேறு வழக்குகள். அவற்றைப் பிரித்து வெவ்வேறு மனுவாக எழுதும்.

பக்கத்துக் காணிக்காரர் வேலியை அரக்கிப் போட்டது ஒன்று. கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கம்பு) மாற்றும் சாட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு முழம் உள்ளே தள்ளி நடுகிற பழைய வேலைதான். முழுதாகப் புகுந்திருந்தால் ‘அடாத்தாகப் பிடித்தான்’ என்போம். மனுவில் இரண்டும் வேண்டாம். ‘இன்ன திகதியில் எமது ஆட்சியிலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டோம்’ என்று எழுதும். ஆட்சி என்றால் காணியைக் கைவசம் வைத்திருப்பது. திகதி முக்கியம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், உறுதி (காணிப் பத்திரம்) யாருடையது என்ற வழக்கு அங்கே நடக்காது. தகவல் தாக்கலான நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரும் வலிந்து வெளியேற்றப்பட்டாரா என்பதுதான் கேள்வி. பொலிஸ் தாக்கல் செய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியோடு போகலாம். ஆனால் நம் சனம் என்ன செய்கிறது? விதானையார் (கிராம அலுவலர்) பேசித் தீர்ப்பார் என்று பார்த்திருந்து, அந்த இரண்டு மாதத்தையும் தொலைத்துவிடும். பிறகு மாவட்ட நீதிமன்றம்தான், அங்கே ஆண்டுக்கணக்கு.

அடுத்தது, ‘எமது மக்கள் 1978இல் பிடித்த காணிகள்’ என்ற வரி. இதைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். வட இலங்கையின் வன்னியில் ‘பிடித்தது’ என்றால் காடு வெட்டி, கட்டை பிடுங்கி, கிணறு தோண்டிக் குடியிருந்தது என்று பொருள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும் பெருமையாக அப்படித்தான் சொல்வார்கள். அரச கந்தோரில் (அலுவலகத்தில்) அதே சொல் ‘அத்துமீறிப் பிடித்தது’ ஆகிவிடும். நீர் எழுதிக் கொடுத்ததையே உமக்கு எதிராக வைப்பார்கள். ‘1978 முதல் தொடர்ச்சியாகக் குடியிருந்து அபிவிருத்தி செய்துவரும் அரச காணி, பெர்மிட் கோருகிறோம்’ என்று மாற்றும். பெர்மிட் என்பது அரச காணிக்கு அரசு தரும் அனுமதிப்பத்திரம். வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலை அனுமதிப் பதிவு, தென்னையின் வயது, கிணறு கட்டிய ஆண்டு எல்லாவற்றையும் இணையும். இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்தவர்கள் புதிதாகக் கேட்கவேண்டியதில்லை. பிரதேச செயலகத்துக் காணி லெட்ஜரில் பெயர் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இதில் அவசரம் ஏன் என்றால், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டம். வெளியேறும்படி அறிவித்தல் வந்தால் குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். அதன் பின் நீதவான் நீதிமன்றம். அங்கே சொல்லக்கூடிய ஒரே எதிர்வாதம், சட்டப்படி வழங்கிய, இன்னும் நடைமுறையில் உள்ள பெர்மிட் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம். நாற்பது வருட உழைப்பு எதிர்வாதம் ஆகாது. பத்து வருடம் இருந்தால் சொந்தம் என்று ஊரில் சொல்வது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தை வைத்து. அது தனியார் காணிக்குத்தான், அரச காணிக்குச் செல்லாது.

படையினர் இருக்கும் காணியை ‘சுவீகரிக்கப்பட்ட காணி’ என்று எழுதியிருக்கிறீர். சுவீகரிப்பு என்றால் பொதுத் தேவைக்கு அரசு காணியை எடுப்பது; அது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி நடந்திருக்கவேண்டும்: 2ஆம் பிரிவு அறிவித்தல், 4ஆம் பிரிவில் ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாள், 5ஆம் பிரிவில் பொதுத் தேவைப் பிரகடனம், 7ஆம் பிரிவில் நட்டஈட்டுக்கு உரிமை கோரல், 38ஆம் பிரிவில் கையேற்கும் கட்டளை. அவசரம் என்றால் அறிவித்தல் ஒட்டி 48 மணித்தியாலம் கழிந்ததும் 38இல் உள்ள காப்புவாசகத்தை (விதிவிலக்கை)ப் பிடித்துக் கையேற்கலாம். உமது கிராமத்தில் இவற்றில் ஒன்றாவது ஒட்டப்பட்டதா? இல்லையென்றால் அது சுவீகரிப்பே அல்ல, உறுதிக்காரரின் உரித்து அப்படியே இருக்கிறது. ‘சட்ட நடவடிக்கை எதுவுமின்றிப் படையினரின் ஆட்சியில் உள்ள எமது உறுதிக் காணி’ என்று எழுதும். உண்மையாகவே சுவீகரித்திருந்தால் வழி வேறு: 39அ பிரிவு. நட்டஈடு கொடுபடாதிருக்கவேண்டும், பொதுத் தேவைக்குப் பயன்படாதிருக்கவேண்டும், காணியில் திருத்தவேலை நடந்திருக்கக்கூடாது, உரித்தாளர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் அமைச்சர் திருப்பிக் கொடுக்கலாம்.

‘விடுவிப்பு’ என்ற சொல்லிலும் கவனம். முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 மார்ச் 1ஆம் திகதி நடந்தது அதுதான்: காணியில் இருந்த படை வெளியேறுவது. அந்தச் சொல் உரித்தைப் பற்றி எதுவும் பேசாது. எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் சேர்வையரைக் கூப்பிட்டு அளக்கவேண்டியது தனி வேலை.

எடுத்தல், பிடித்தல் என்ற சொல்லே இல்லாமலும் காணி போகும். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியைப் பாரும். காணி நிர்ணயம் (காணி யாருக்கு உரித்து என்று தீர்மானிப்பது) என்ற பெயரில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது. எதிர்ப்பின் பின் மீளப்பெற்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறுதிக்காரர் ‘நிர்ணயம்’ என்ற சொல்லைப் பார்த்து என்னத்தைப் பயப்பட்டிருப்பார்?

லீசிங் கம்பனி உழவு இயந்திரத்தை இழுத்துப்போனதைப் ‘பறிமுதல்’ என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர். அதை வெட்டிவிடும், காணி மனுவில் அதற்கு வேலை இல்லை.

திருத்தி எழுதும்போது ஒவ்வொரு காணிக்கும் கிராம அலுவலர் பிரிவு, வரைபட இலக்கம், துண்டு இலக்கம், ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில் அளவு எல்லாம் போடும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைச் சங்கக் கோவையில் ஒட்டும். வேலிப் பிரச்சினைக்காரரை மட்டும் இந்தக் கிழமையே சட்டத்தரணியிடம் அனுப்பும்.

அன்புடன்,
உமது நண்பன்