பயணப் படத்தில் எதை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பயணத்தில் எடுத்த படங்களோடு சொற்களைச் சேர்த்துக் கணினியில் கலைப்படைப்பாக்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயலிகளையும் எழுத்துருக்களையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, படத்தில் எதை எழுதுவது என்பதைத் தொடவே இல்லை. ஓய்வு நேரத்தில் இதே வேலையைச் செய்துவரும் எனக்கு அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது.

இன்று பெரும்பாலும் காணக்கிடைப்பவை, மலையுச்சிப் படத்தின் மேல் யாரோ சொன்ன பொன்மொழியும், படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லும் 'அந்தி நேரக் கடல்' போன்ற குறிப்பும்தான். முன்னதை எந்த மலைக்கும் ஒட்டலாம். பின்னது இல்லாவிட்டாலும் குறையில்லை. நம் அகப்பாடல்களின் இலக்கணம் இங்கே கைகொடுக்கும். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளையும், மரம், பறவை போன்ற கருப்பொருளையும் கேமரா நம்மைவிட நன்றாகவே பதிவுசெய்துவிடுகிறது. அங்கே நின்றவரின் மனநிலையாகிய உரிப்பொருள்தான் அதன் பிடிக்குள் முழுதாக வருவதில்லை; சொல்லுக்குரிய இடம் அதுவே. மழையில் நனைந்த ரயில் நடைமேடைப் படமொன்றில், 'வண்டி மூன்று மணி நேரம் தாமதம். ஒருவர்கூடக் கோபப்படவில்லை' என்பதை மட்டும், நடைமேடை விளிம்பின் சாய்வை ஒட்டி, ஈரத்தரையில் விழுந்த விளக்கொளியின் நிறத்திலேயே எழுதினேன். அதுவரை மழையை மட்டும் பார்த்தவர்கள், காத்திருப்போரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இது கணினி தந்த புதுமையும் அன்று. ஓவியத்தின் வெற்றிடத்தில் கவிதையை எழுதிவைப்பது சீன மரபில் பல நூற்றாண்டுப் பழக்கம். ஹைக்கூவையும் கோட்டோவியத்தையும் ஒரே தாளில் சேர்க்கும் ஜப்பானிய 'ஹைகா'வைப் பயணக் கவியான பாஷோவும் (1644–1694) வரைந்திருக்கிறார். அவற்றில் பாட்டு ஓவியத்துக்கு விளக்கவுரையாக நிற்பதில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என இருக்க வேண்டும் என்பது, பார்வைக் குறையுள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் படிக்க உதவும் அணுகல் நெறிமுறை; கலை என்ற பெயரில் படிக்க முடியாத எழுத்தை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜேபெக் கோப்பாக மிகவும் சுருக்கினால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப்போல் புள்ளிகள் படியும் என்பதால், பிஎன்ஜி வடிவமே நல்லது. சில செயலிகளில் தமிழின் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுவதையும் (இதைப் பார்க்காமலே வெளியிடுபவர்கள் எத்தனை பேர்!) சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் வாசகர் படப் பக்கத்தில் இத்தகைய ஆக்கங்களுக்கும் இடம் தர வேண்டுகிறேன். பத்தியின் அகலத்துக்கேற்பப் படத்தை வெட்டும்போது ஓரத்திலுள்ள எழுத்துதான் முதலில் பறிபோகிறது; வெட்டித்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தப் படத்தை வெளியிடாமல் விட்டுவிடுவதே மேல்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்