எரிகாவும் நம்ம ரெமிங்டனும்

பெர்லின்,
9.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீங்க, அக்கா, மாமா, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா? உங்க லெட்டர் திங்கக்கிழமை வந்துச்சு. தீபாவளிக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதலை. நீங்க அதுக்குக் கோவிச்சுக்காம நாலு பக்கம் டைப் அடிச்சு அனுப்பியிருக்கீங்க. அதுல ‘ற’ வர்ற இடமெல்லாம் வால் விழவே இல்லை. ரிப்பன் காஞ்சு போச்சா, இல்லை உங்க கண்ணுக்குத் தெரியலையா? ரிப்பன்னா மாத்திக்கலாம். கண்ணா இருக்குமோன்னுதான் பயமா இருக்கு.

இங்க குளிர் இன்னும் விடலை. ராத்திரி அடுப்படியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கறேன், அங்கதான் வெதுவெதுன்னு இருக்கு. அக்கா கொடுத்தனுப்பின புளிக்காய்ச்சல் பொங்கலோட தீர்ந்துச்சு. உருளைக்கிழங்கு இங்க நல்லா இருக்கு, அதைத்தான் விதவிதமா பண்ணிக்கறேன். வேலை இப்போ வேற இடத்துல. நேரம் கொஞ்சம் கம்மி, ஆனா உடம்புக்கு ஓய்வு கிடைக்குது. அதைப் பத்தி யோசிக்காதீங்க.

எதிர் வீட்டுப் பாட்டியைப் பத்திச் சொல்லியிருக்கேன்ல? லெட்டர் எது வந்தாலும் உடனே பிரிக்க மாட்டாங்க. ஜன்னல்கிட்ட கொண்டுபோய், கவர் ஒட்டின இடத்தை விரலால தடவிப் பார்த்துட்டுத்தான் பிரிப்பாங்க. கிழக்கு ஜெர்மனி தனி நாடா இருந்த காலத்துல ரகசியப் போலீஸ் ஜனங்களோட தபாலை ஆவி காட்டிப் பிரிச்சுப் படிச்சிட்டு மறுபடி ஒட்டி அனுப்புவாங்களாம். அந்த அரசாங்கம் போய் முப்பத்தஞ்சு வருஷமாச்சு, பாட்டிக்கு அந்தப் பழக்கம் போகலை. உங்க லெட்டரையும் வாங்கித் தடவிப் பார்த்துட்டு, “யாரும் தொடலை”ன்னு சொல்லித்தான் கையில கொடுத்தாங்க.

நம்ம இன்ஸ்டிட்யூட் டைப்ரைட்டர் மெஷினையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்களே, அதைப் படிச்சதிலேருந்து எனக்கு ஒரு அம்மா ஞாபகமாவே இருக்கு. ரூத் வுல்ஃப்-ரேஃபெல்ட்னு பேரு. ரெண்டு வருஷம் முன்னாடி பாட்டி என்னைப் போட்ஸ்டாமுக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க கண்காட்சியைக் காட்டினாங்க. கண்காட்சிக்குத் தலைப்பே ‘புதுசா ஒண்ணுமில்ல’ன்னுதான். நாம லெட்டர் முடிக்கும்போது ‘வேறு விசேஷம் ஒன்றுமில்லை’ன்னு எழுதுவோமே, அது மாதிரி.

1932-ல வுர்ட்ஸன்கிற ஊர்ல பிறந்தவங்க. 1950-ல பெர்லினுக்கு வந்து ஆபீஸ் வேலை பார்த்தவங்க. ஓவியக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. 1970-கள் ஆரம்பத்துல தன்னோட எரிகா டைப்ரைட்டர்ல எழுத்தாலேயே படம் போட ஆரம்பிச்சாங்க. கவிதையா படமான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒரே எழுத்தையும் புள்ளியையும் ஆயிரம் தடவை அடிச்சு அலை, கூண்டு, பட்டாம்பூச்சி. பக்கத்துல இருந்தவங்க எட்ட நின்னு பார்த்தாங்க. நான் கிட்டப் போய் எப்படி அடிச்சிருப்பாங்கன்னு பார்த்தேன். லீவரைத் தளர்த்தி, ரோலரைக் கையால மயிரிழை மயிரிழையா திருப்பினாத்தான் வரி அப்படி வரி மேல ஏறும். ஒரு எழுத்து தப்பினா தாள் முழுக்க வீண். நீங்க சரஸ்வதி பூஜைக்கு எக்ஸும் புள்ளியுமா பிள்ளையார் அடிப்பீங்களே, தும்பிக்கை வளைவுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ரோலரை நகர்த்துவீங்களே, அதே கைதான்ப்பா.

பெர்லின் சுவர் இருந்த வரைக்கும், கிழக்கு ஜெர்மனியில இருந்த அவங்க நினைச்ச நாட்டுக்குப் போக முடியாது. தபால் போகும். அவங்களும் அவங்க வீட்டுக்காரர் ராபர்ட் ரேஃபெல்ட்டும் இதையெல்லாம் கார்டுல அச்சடிச்சு, கார்பன் பிரதி எடுத்து, முகம் தெரியாதவங்களுக்கு நாடு நாடா அனுப்பினாங்க. வாங்கினவங்களும் அங்கேருந்து ஏதாவது செஞ்சு அனுப்புவாங்க. அஞ்சல் கலைன்னு அதுக்குப் பேரு. விற்கறது கிடையாது, இது தேறும் இது தேறாதுன்னு கழிக்கறதும் கிடையாது. ஸ்டாம்பு ஒட்டினாப் போதும். 1990-ல அந்த அம்மா மெஷின்ல படம் போடறதை நிறுத்திட்டாங்க. கதவே திறந்தாச்சு, இனி சந்து வழி எதுக்குன்னு பாட்டி சொல்றாங்க. 2017-ல காசல் நகரத்து டாக்குமென்டா கண்காட்சியில அதையெல்லாம் மறுபடி வெச்சப்போ அவங்களுக்கு 85 வயசு. போன வருஷம் பிப்ரவரியில காலமாயிட்டாங்க.

இன்னொண்ணு. யாழ்ப்பாணத்து முத்தையா தமிழ் மெஷினுக்கு எழுத்து வரிசை போட்டு, செய்ய ஜெர்மனிக்குத்தான் அனுப்பினார்னு வகுப்புல சொல்லுவீங்களே, ட்ரெஸ்டன்ல இருந்த சைடல் அண்ட் நௌமன் கம்பெனிக்கு. எரிகாவும் அதே கம்பெனி மெஷின்தான். அந்தப் பேரைப் படிச்சதும் யார்கிட்டயாவது சொல்லணும்னு அப்படி இருந்துச்சு. தமிழ்ல சொல்ல பக்கத்துல யாரும் இல்லை.

ராபர்ட் அடிச்ச கார்டு ஒண்ணைப் பாட்டி புத்தகத்துல காட்டினாங்க. ‘தயவுசெய்து இப்போது என்னை நினைக்காதீர்கள்’னு மட்டும் இருந்துச்சு. அதைப் படிச்சதும் காலை ஆறு மணி பேட்ச் சத்தம் காதுல வந்துடுச்சுப்பா. பதினோரு மெஷினும் சேர்ந்து அடிக்கும், வரி முடிய முடிய மணி அடிக்கும், பின்கட்டுல அம்மா காபி ஆத்துவாங்க. அழுதுட்டேன். பாட்டி ஒண்ணும் கேக்கலை, புத்தகத்தை மூடி வெச்சாங்க. எனக்கு ஊருக்கு வரணும்ப்பா. இந்த வருஷம் டிக்கெட் போட முடியுமான்னு பார்க்கறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வர்றேன். கட்டிடத்துக்காரர் சித்திரைக்குள்ள காலி பண்ணச் சொன்னா பண்ணிடுங்க, சண்டை வேண்டாம். இங்கிலீஷ் மெஷின் பத்தையும் இரும்புக்குப் போடாம, திருவாரூர்ல இன்ஸ்டிட்யூட் நடத்தற யாராவது எடுத்துப்பாங்களான்னு மாமாவை விசாரிக்கச் சொல்லுங்க. கீ, ஸ்பிரிங்குக்காவது ஆகும். தமிழ் ரெமிங்டனைக் கொடுக்காதீங்க. என் ரூம்ல, ஜன்னல் ஓரம் வையுங்க. எலி ரப்பரைக் கடிக்காம துணி போட்டு மூடணும்.

கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம். பணம் இந்த மாசம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், மார்ச் முதல் வாரம் கட்டாயம் போட்டுடறேன். அதுக்கு முன்னாடி தேதி கொடுத்தா மாமாகிட்ட வாங்கிக்குங்க, கூச்சப்படாதீங்க, நான் கொடுத்துடறேன். அக்காகிட்ட இதைச் சொல்லிடுங்க, வளையலை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடப் போறா.

சின்னவளுக்கு டைப்பிங் லோயர் பரீட்சை எப்போ? ஸ்பீடு வரலைன்னு திட்டாதீங்க, அவளுக்குச் சுண்டு விரல்தான் பலமில்லை.

புது ரிப்பன் போட்டதும் ‘ற’ மட்டும் ஒரு வரி முழுக்க அடிச்சு அனுப்புங்க. நான் பார்க்கணும்.

அன்பு மகள்,
செல்வி