தமிழ் நாடகத்துக்கு விமர்சகர் விருது: கோப்பைக்கு முன் வாக்குச் சீட்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களுக்கென்று ஆண்டு விருது வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், மக்கள் வாக்கெடுப்பு வைக்கலாமே என்பதுதான் முதல் யோசனையாக வருகிறது. தொலைக்காட்சித் தொடருக்கு அது சரிப்படும். 220 இருக்கை கொண்ட எஸ்பிளனேட் தியேட்டர் ஸ்டூடியோவில் நான்கு காட்சி நடந்த நாடகத்தை அரங்கு நிறைந்தாலும் 880 பேர்தான் பார்த்திருப்பார்கள். டிராமா சென்டர் பிளாக் பாக்ஸில் 120 இருக்கை. அங்கே 480 பேர். பார்க்காதவர்களும் ஓட்டுப் போட்டால், எந்தக் குழுவின் வாட்ஸ்அப் பட்டியல் நீளமோ அந்தக் குழுதான் ஜெயிக்கும். எல்லா நாடகத்தையும் பார்க்கக் கடமைப்பட்ட விமர்சகர்களும் செய்தியாளர்களும் கூடித் தேர்ந்தெடுக்கும் விருதுதான் நமக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட விருதுகளுக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நமக்கு எது உதவும், எது உதைக்கும் என்று பார்ப்பது நல்லது.

தமிழ் முரசு பிறந்த அதே 1935இல்தான் நியூயார்க் நாடக விமர்சகர் வட்டமும் தொடங்கியது. அந்த ஆண்டின் புலிட்சர் நாடகப் பரிசு ஸோயி ஏகின்ஸின் ‘தி ஓல்ட் மெய்ட்’ நாடகத்துக்குப் போனது. லில்லியன் ஹெல்மனின் ‘தி சில்ட்ரன்ஸ் அவர்’ ஒதுக்கப்பட்டது. இரண்டு ஆசிரியைகளுக்கு இடையே தகாத உறவு என்று ஒரு மாணவி கிளப்பிவிடும் பேச்சு அவர்கள் வாழ்க்கையையே குலைப்பதுதான் அதன் கதை. கதைக்கருவுக்காகவே நாடகத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்று கொதித்த விமர்சகர்கள் அல்கான்குவின் ஹோட்டலில் கூடித் தனி வட்டம் அமைத்தார்கள். 1936இல் அவர்களுடைய முதல் விருதைப் பெற்றது மேக்ஸ்வெல் ஆண்டர்சனின் ‘வின்டர்செட்’. வேடிக்கை என்னவென்றால், ஹெல்மனுக்காகச் சண்டை போட்டு உருவான வட்டம் 1939இல் அவருடைய ‘தி லிட்டில் ஃபாக்ஸஸ்’ நாடகத்துக்கும் ‘ஏப் லிங்கன் இன் இல்லினாய்’ நாடகத்துக்கும் இடையே இரண்டாகப் பிளந்து, யாருக்கும் விருது இல்லை என்று கலைந்தது. ஹெல்மன் 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விருது தராமல் விட்டது அந்த வட்டத்துக்கு இழுக்கு ஆகவில்லை. 1942இலும் 1944இலும் சிறந்த அமெரிக்க நாடகம் எதுவுமில்லை என்றே அறிவித்தார்கள். அப்படிக் கையை மூடத் தெரிந்தவர்கள் 1945இல் டென்னசி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’யைத் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தேர்வுக்கு எடை இருந்தது. அதே ஆண்டு புலிட்சர் பரிசு ‘ஹார்வி’ என்ற நகைச்சுவை நாடகத்துக்குப் போனது. 1959இல் புலிட்சரும், நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயின் டோனி விருதும் ‘ஜே.பி.’ பக்கம் சாய, விமர்சகர்கள் லொரைன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த வட்டம் விருது தந்தது அதுவே முதல்முறை. 1963இல் நடுவர்கள் பரிந்துரைத்த எட்வர்ட் ஆல்பியின் நாடகத்தைப் புலிட்சர் வாரியம் ஏற்காமல் அந்த ஆண்டுப் பரிசையே நிறுத்திவைத்தது. நடுவர்கள் இருவரும் விலகினார்கள். விமர்சகர் வட்டமோ அதற்கே விருது கொடுத்தது. தேர்ந்தெடுப்பவர்களுக்கு மேலே இன்னொரு வாரியம் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். நம் ஊரில் அந்த நாற்காலியில் உட்காரப்போவது விளம்பரதாரராக இருக்கும்.

இனி எல்லாரும் தாண்டிப் போகும் இடம், அதாவது ஓட்டு எண்ணும் முறை. நியூயார்க் வட்டத்தில் முதல் சுற்றில் ஆளுக்கு ஓர் ஓட்டு. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், வரிசைப்படுத்திப் புள்ளி கொடுக்கும் இரண்டாம் சுற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒன்பது விமர்சகர்கள், மூன்று நாடகங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் ‘அ’வுக்கு 4, ‘ஆ’வுக்கு 3, ‘இ’க்கு 2. ஐந்து யாருக்கும் இல்லை. இரண்டாம் சுற்றில் முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1. ‘அ’ அணியினர் ‘ஆ’ வந்துவிடக்கூடாது என்று அதைக் கடைசியில் தள்ளுகிறார்கள். ‘ஆ’ அணியினர் ‘அ’வைத் தள்ளுகிறார்கள். ‘இ’ அணியினர் இருவரும் ‘ஆ’வை இரண்டாவதாக வைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள்: ‘அ’ 17, ‘ஆ’ 17, ‘இ’ 20. இரண்டே பேர் முதலிடம் கொடுத்த நாடகம் கோப்பையோடு வீட்டுக்குப் போகிறது. யாருக்கும் பகையில்லாத நாடகம் ஜெயிப்பது சில ஆண்டுகளில் சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் வேண்டுமென்றே எதிரியைக் கடைசியில் தள்ளும் தந்திரத்துக்கு இந்த முறை கதவைத் திறந்து வைக்கிறது. தடுக்க வழி ஒன்றுதான்: யார் எதை எந்த இடத்தில் வைத்தார் என்பதை விருது நாளன்றே பெயரோடு அச்சிடுவது. பத்திரிகையில் பெயர் போட்டு எழுதுகிறவர்களுக்கு இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறை இதைவிட மோசம். ஒருவர் எல்லா நாடகத்துக்கும் 65இலிருந்து 75க்குள் போடுவார். இன்னொருவர் 30இலிருந்து 95 வரை ஓடுவார். கூட்டினால் இரண்டாமவர் ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுவார். பள்ளி நாடகப் போட்டிகளில் பழகிய முறை என்பதால் நம்மவர்கள் முதலில் இதைத்தான் எடுப்பார்கள்.

1955இல் லண்டனில் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழ் விருது தொடங்கியபோது பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தால் நடுவர்கள் பிளவுபட்டார்கள். சிறந்த நாடகம் என்ற விருது ஜிரோடுவின் ‘டைகர் அட் த கேட்ஸ்’ நாடகத்துக்குப் போனது. கோடோவுக்கு ‘ஆண்டின் மிகச் சர்ச்சைக்குரிய நாடகம்’ என்று புதிதாக ஒரு விருதைச் செய்து கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிரிவு திரும்ப வரவேயில்லை. இப்படி ஆறுதல் விருதுகள் முளைக்க விட்டால் பத்து ஆண்டில் எல்லாக் குழுவிடமும் ஒரு கோப்பை இருக்கும். லண்டன் விமர்சகர் வட்டம் 1989இல் தொடங்கிய விருதில் இந்தப் பேரத்துக்கே இடமில்லை. அங்கே முன்பட்டியலும் கிடையாது, கலந்தாலோசனையும் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியே சீட்டு அனுப்புவார்கள், எண்ணினால் முடிந்தது. சிறிய ஊருக்கு, அதிலும் எல்லாரும் எல்லாரையும் அறிந்த நம் ஊருக்கு, இது நல்ல பாதுகாப்பு.

ஓபி விருது வேறு வகை. வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் 1956இல் பிராட்வேக்கு வெளியே நடக்கும் சிறு அரங்க நாடகங்களுக்காகத் தொடங்கியது. நிலையான பிரிவுகள் இல்லை. அந்த ஆண்டில் கண்ணில் பட்டது ஒளியமைப்பு என்றால் ஒளியமைப்புக்கு விருது, நடிகர் நால்வர் என்றால் நால்வருக்கும். நம்மிடம் ஆண்டுக்கு வரும் தமிழ் நாடகங்களின் எண்ணிக்கைக்குப் பன்னிரண்டு நிலையான பிரிவுகள் வைத்தால், மூன்றே பேர் போட்டியிடும் பிரிவில் மூன்று பேரையும் பரிந்துரைக்கும் கேலிக்கூத்தாகிவிடும். இன்னொரு பாடமும் இதில் உண்டு. 2014இல் அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற அமைப்பு ஓபியில் பங்காளியாகச் சேர்ந்தது. 2018இல் வில்லேஜ் வாய்ஸ் மூடப்பட்டபோது விருது அதோடு புதைந்துபோகாததற்கு அந்தக் கூட்டுதான் காரணம். இங்கேயும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 2001இல் லைஃப் நாடக விருதுகளைத் தொடங்கியபோது, பத்திரிகை ஒன்று முன்நின்றால் விருதுக்கு விளம்பரமும் ஒழுங்கும் தானாக வரும் என்பது தெரிந்தது. தமிழில் செய்யும்போது பத்திரிகையோடு இன்னோர் அமைப்பும் பொறுப்பில் இருக்கட்டும்.

நம்முடைய தனிப் பிரச்சினை, நாடகம் ஓடும் நாள்கள். பிராட்வே நாடகம் மாதக்கணக்கில் ஓடும். விமர்சகருக்கு இன்று முடியாவிட்டால் அடுத்த வாரம் உண்டு. நம் நாடகங்களில் பல வெள்ளிக்கிழமை இரவு திரை தூக்கி ஞாயிற்றுக்கிழமை மாலை செட்டைக் கழற்றிவிடுகின்றன. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் ஒரே வார இறுதியில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் மோதும். ஆகவே நடுவர் எழுவர் என்றால் ஒரு நாடகத்தை ஐவராவது நேரில் பார்த்திருந்தால்தான் அது தகுதி பெறும் என்று விதி வேண்டும். பார்க்க முடியாதவருக்குக் காணொளி அனுப்புவது உதவாது. ஒற்றைக் கேமராவை அரங்கின் பின்னால் நிறுத்தி எடுத்த பதிவில் மங்கலான ஒளி எல்லாம் கறுப்பாகிவிடும், மெல்லப் பேசும் நடிகர் ஊமையாகிவிடுவார். எழுத்துப் பிரிவுக்கு வேண்டுமானால் நாடகப் பிரதியைப் படிக்கலாம்.

குழுக்களும் ஒன்று செய்யலாம். நடுவருக்கான டிக்கெட்டை முதல் காட்சியிலிருந்தே ஒதுக்கி, யார் எந்தக் காட்சிக்கு வருகிறார் என்பதை இரண்டு வாரம் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பார்த்த இரண்டு நாளுக்குள் நடுவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரியில் ஓட்டுப் போடும்போது நவம்பரில் பார்த்தது மட்டுமே நினைவில் நிற்கும், ஏப்ரல் நாடகங்கள் காணாமல் போகும்.

உறவும் பழக்கமும் அடுத்தது. 2009இல் டோனி நிர்வாகம் ஏறத்தாழ நூறு செய்தியாளர்களின் வாக்குரிமையைப் பறித்தபோது, விமர்சனமும் எழுதி ஓட்டும் போடுவது முரண் என்றது. மறு ஆண்டே நியூயார்க் விமர்சகர் வட்டத்தாரை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எங்களைக் கேட்டால் விமர்சனம் எழுதுவது தகுதிக்குறைவு அல்ல, அதுதான் தகுதியே. விருதுக்குரிய ஆண்டில் தமிழ் நாடகத்துக்குப் பெயரோடு விமர்சனம் எழுதாத யாரும் நடுவராகக் கூடாது. ஆனால் நடுவரின் தம்பியோ மாணவரோ நடித்திருந்தால், அந்த நாடகத்துக்கு மட்டும் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவது போதாது. போட்டி நாடகத்துக்குப் போடும் ஓட்டும் அதே தராசைத்தான் சாய்க்கும். அந்தப் பிரிவிலிருந்தே விலக வேண்டும்.

சென்னையிலிருந்து வரும் பிரதிகளை என்ன செய்வது என்ற கேள்வி நிச்சயம் கிளம்பும். நியூயார்க் வட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எந்த நாட்டு நாடகமாயினும் சிறந்தது ஒன்று. அது வெளிநாட்டு நாடகமாக இருந்தால், சிறந்த அமெரிக்க நாடகம் என்று இன்னொன்றையும் தேர்ந்தெடுக்கலாம். நாமும் சிறந்த நாடகம் ஒன்றை எடுப்போம். அது வெளியூர்ப் பிரதியானால் இங்கே எழுதப்பட்ட சிறந்த பிரதிக்குத் தனியாக ஒன்று. ரவீந்திரன் நாடகக் குழு 1988இல் தொடங்கிய காலம் முதல் இந்த ஊரில் எழுதப்பட்டவை எத்தனையோ நாற்பது பக்கத் தட்டச்சுப் பிரதிகளாக யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கின்றன. பரிசுத் தொகை ஏதேனும் இருந்தால் அது எழுதியவருக்குப் போகட்டும். இயக்குநருக்கு அடுத்த நாடகத்துக்கு மானியம் கேட்க வழி உண்டு. பிரதி எழுதியவருக்கு அதுவும் இல்லை.

இவற்றில் எவற்றை ஏற்றாலும், விதிகளை டிசம்பருக்குள் உங்கள் பக்கங்களில் வெளியிடுங்கள். ஜனவரியில் முதல் டிக்கெட்டை விற்கும் குழுவுக்கு, எந்த விதியின்கீழ் தங்கள் நாடகம் பார்க்கப்படப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாடகப் பார்வையாளர்கள் சிலர்
சிங்கப்பூர்