படத்தை வெட்டாதீர்கள், பெயரை விடாதீர்கள்: பழைய மலையேற்றப் படங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையேற்றச் சங்கங்களின் ஆவணப் பொறுப்பாளர்களுக்கும், பத்திரிகைகளின் படப் பிரிவில் இருப்பவர்களுக்கும், அப்பாவோ தாத்தாவோ எடுத்த ஸ்லைடு பெட்டிகளைப் பரணில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், அப்புறம் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோகும் என்னைப் போன்ற மலையேறிகளுக்கும்,

வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரை 1966-இல் முதன்முறையாக நேர்கோட்டு வழியில் ஏறியபோது பிரிட்டிஷ் மலையேறி கிறிஸ் பானிங்டன் எடுத்த படங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இத்தனை வருடம் கழித்தும் அவை கையில் கிடைத்தால் மலையேறுகிறவன் அந்தப் பக்கத்தைப் புரட்ட மனமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் இப்படிப்பட்ட பழைய படங்கள் இன்று நம்மிடம் வந்து சேரும் விதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓரங்களை வெட்டியிருப்பார்கள், நிறத்தை ஏற்றியிருப்பார்கள், படத்தில் இருப்பவர் யார், சுவரில் எந்த இடம், எந்த நாள் என்று ஒரு வரிகூட இருக்காது. நாமும் "என்ன மனுஷங்கப்பா இவங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பாராட்டு மனதிலிருந்துதான் வருகிறது, அதில் குறை இல்லை. ஆனால் அந்தப் படங்களுக்கு நாம் செய்ய வேண்டியது அதைவிட நிறைய இருக்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ஏற்றத்தின் கதையே அப்படி.

3,967 மீட்டர் உயரமுள்ள ஐகரின் வடக்குச் சுவரை 1938-இல் நான்கு பேர் முதலில் ஏறினார்கள். அவர்கள் பிடித்த வழி பனிப்பரப்புகளைத் தேடி இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போகும். உச்சியிலிருந்து ஒரு கல்லை விட்டால் விழும் கோட்டை ஒட்டி, வளையாமல் நேராக ஏற வேண்டும் என்பது ஜான் ஹார்லினின் கனவு. அமெரிக்கர், முன்னாள் விமானப்படை விமானி, சுவிட்சர்லாந்தின் லேசன் ஊரில் வசித்தவர். தன்னோடு லேட்டன் கோரையும் டூகல் ஹாஸ்டனையும் சேர்த்துக்கொண்டார். கோர் கொலராடோவின் பாறைகளில் பேரெடுத்தவர், ஹாஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர், பனியில் கைதேர்ந்தவர். நல்ல வானிலை பத்து நாள் தொடர்ந்து கிடைத்தால் ஒரே மூச்சில் ஏறிவிடலாம் என்பது திட்டம். அந்தப் பத்து நாள் கிடைக்கவே இல்லை. இவர்கள் காத்திருக்கும்போதே, யோர்க் லேனெயும் பீட்டர் ஹாகும் தலைமை தாங்கிய எட்டுப் பேர் கொண்ட ஜெர்மன் குழு பிப்ரவரியில் சுவரில் கயிறு கட்டத் தொடங்கிவிட்டது. சரி, இனிக் காத்திருந்து பயனில்லை என்று இவர்களும் ஏறத் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல், குளிர்காலத்தில், இரண்டு குழுக்கள் ஒரே சுவரில்.

பானிங்டன் ஐகர் வடக்குச் சுவரை 1962-இலேயே இயன் க்ளஃப்போடு ஏறியவர். பிரிட்டிஷ்காரர்களில் அதுதான் முதல் ஏற்றம். ஹார்லினின் நேர்வழி ஏற்றத்தில் கயிற்றில் ஒருவராகச் சேர அவருக்குத் தயக்கம் இருந்தது, அதனால் ஒரு லண்டன் பத்திரிகைக்குப் படம் எடுப்பவராக வந்தார். ஆனால் சுவரில் படம் எடுக்கிறவர் வேடிக்கை பார்க்கிறவராக இருக்க முடியாது. ஏறுகிறவர் போகும் இடத்துக்கெல்லாம் அவரும் போயாக வேண்டும், அதே ஜூமாரில் (கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நகர உதவும் பிடிகருவி), அதே மெல்லிய கயிற்றில். ஒரு கட்டத்தில் சுவரில் இருக்கும் நடுத்தூண் என்ற பாறைத்தூணுக்குப் பக்கத்தில் கோரோடு சேர்ந்து பனிப்பள்ளம் ஒன்றில் தானே முன்னால் ஏறவும் செய்தார்.

குளிரில் கேமராவோடு வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெய் இறுகிவிடும், ஃபிலிம் மொறுமொறுப்பாகி வேகமாகச் சுற்றினால் ஒடிந்துவிடும், உள்ளே நிலைமின்சாரம் பொறி விட்டு ஃபிலிமில் மின்னல் கீறல்போல் கோடு விழும். கையுறையைக் கழற்றாமல் ஃபிலிம் மாற்ற முடியாது, கழற்றினால் விரல் போகும். அந்த நிலையில் ஒரு ஃபிரேமுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்து எடுத்த படத்தை, அறுபது வருடம் கழித்துக் கதகதப்பான அறையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இடம் போதவில்லை என்பதற்காக நாலாபக்கமும் வெட்டுகிறீர்கள். வெட்டும்போது பெரும்பாலும் முதலில் போவது எது தெரியுமா? கயிறு. ஆளின் முகத்தையும் பின்னால் இருக்கும் பள்ளத்தையும் வைத்துக்கொண்டு, மேலே போகும் கயிற்றையும் அது எங்கே உரசுகிறது என்பதையும் வெட்டிவிடுகிறீர்கள்.

அந்த ஏற்றத்தில் கயிறுதான் எல்லாமே. 1966 மார்ச் 22 அன்று, வெள்ளைச் சிலந்தி என்று பெயர்பெற்ற பனிப்பரப்பை நோக்கி ஹார்லின் ஜூமாரில் ஏறிக்கொண்டிருந்தார். ஏறி இறங்கவென்று சுவரிலேயே கட்டி விட்டிருந்த ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள நிலைக்கயிறு, பாறை விளிம்பில் தேய்ந்திருந்தது, அறுந்தது. அதே கயிற்றில் அவருக்கு முன்னால் ஹாஸ்டன் ஏறிப் போயிருந்தார். கீழே, மலையடியில் இருக்கும் க்ளைன ஷைடெக் கணவாயில் தொலைநோக்கி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர் பீட்டர் கில்மன், ஒரு உருவம் விழுவதைக் கண்டார். ஹார்லினுக்கு அப்போது முப்பது வயது.

இன்று கயிறு கட்டி ஏறும் எந்தப் பிள்ளைக்கும், விளிம்பில் உரசும் மெல்லிய நிலைக்கயிற்றைப் பற்றி நான் ஆயிரம் சொல்லலாம். 1966-இன் படங்களை வெட்டாமல் பெரிதாகப் போட்டு, எவ்வளவு மெல்லிய கயிறு, எவ்வளவு நீளம், எவ்வளவு நாள் அதிலேயே ஏறி இறங்கினார்கள் என்று காட்டினால் அது மனதில் தைப்பதுபோல் என் பேச்சு தைக்காது. வீரத்தை மட்டும் தனியே நறுக்கி எடுத்துக் காட்டும் படத்தில் இந்தப் பாடம் இல்லை.

ஹார்லின் இறந்த பிறகு இரு குழுக்களும் ஒன்றாயின. மார்ச் 25-இல், புயலுக்கு நடுவே ஐந்து பேர் உச்சியை அடைந்தார்கள்: டூகல் ஹாஸ்டன், யோர்க் லேனெ, குந்தர் ஷ்ட்ரோபெல், சீகி ஹுப்ஃபாவர், ரோலண்ட் ஃபோட்டெலர். வழிக்கு ஹார்லினின் பெயரை வைத்தார்கள். பானிங்டனும் மிக் பர்க் என்ற மலையேறியும் மேற்குச் சரிவு வழியாக உச்சிக்கு முன்கூட்டியே போய்ப் பனியில் குகை தோண்டிக் காத்திருந்ததால்தான் அந்தக் கடைசி நாளின் படங்கள் நமக்குக் கிடைத்தன. அதற்குப் பானிங்டன் கொடுத்த விலை பனிக்கடி.

ஐந்து பெயரையும் வேண்டுமென்றேதான் வரிசையாக எழுதினேன். ஐந்தில் நான்கு ஜெர்மன் பெயர்கள். இந்த ஏற்றத்தைப் பற்றிப் பேசும் எத்தனை பேருக்கு அந்த நான்கில் இரண்டு பெயராவது தெரியும்? படங்கள் ஆங்கிலப் பத்திரிகை வழியாக உலகத்துக்குப் போனதால் ஹார்லினும் ஹாஸ்டனும் நம் நினைவில் நின்றார்கள், மற்ற நால்வரும் "ஜெர்மன்காரர்கள்" ஆகிவிட்டார்கள். அவர்களும் அதே புயலில் அதே பனியைக் கடித்துக்கொண்டு ஏறியவர்கள். இது பானிங்டனின் தவறு இல்லை, அவர் எடுத்துக் கொடுத்தார். விளக்க வரியில் பெயர் போடாதவர்களின் தவறு, அதாவது உங்களுடையதும் எங்களுடையதும்.

படத்தை முழுதாகவும் சரியான விவரத்தோடும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையேற்ற வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1954-இல் இத்தாலியர்கள் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2-வை ஏறியபோது, உச்சிக்குப் போகிறவர்களுக்காக வால்டர் போனாட்டியும் பாகிஸ்தானின் ஹுன்சாவைச் சேர்ந்த அமீர் மஹ்தியும் ஆக்சிஜன் உருளைகளைச் சுமந்துகொண்டு சுமார் 8,100 மீட்டர் வரை போனார்கள். கூடாரம் சொன்ன இடத்தில் இல்லை. அந்த உயரத்தில் இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள், மஹ்தி கால்விரல்களை இழந்தார். உச்சியை அடைந்த காம்பன்யோனியும் லாசெடெல்லியும் ஆக்சிஜன் வழியிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். பின்னால், அதைப் போனாட்டிதான் இரவில் பயன்படுத்திவிட்டார் என்ற பழி வந்தது. பல ஆண்டுகள் கழித்து ராபர்ட் மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை மருத்துவர், முன்பே அச்சாகியிருந்த உச்சிப் படங்களை உட்கார்ந்து கவனித்தார். உச்சியில் காம்பன்யோனி முகத்தில் ஆக்சிஜன் முகமூடி! உருளை காலியாகிவிட்டிருந்தால் அவ்வளவு கனத்தையும் முகமூடியையும் சுமந்துகொண்டு ஒருவர் ஏன் உச்சி வரை போக வேண்டும்? இத்தாலிய ஆல்பைன் சங்கம் 2004-இல் மூவர் குழுவை அமைத்தது, குழு போனாட்டி சொன்னதே உண்மை என்று ஏற்றது. ஐம்பது வருடம் ஒரு மனிதர் சுமந்த பழி. அந்தப் படத்தை யாராவது "முகம் சரியாகத் தெரியவில்லை" என்று ஒதுக்கியிருந்தாலோ, அழகுக்காக வெட்டியிருந்தாலோ என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், படகோனியாவில் இருக்கும் செர்ரோ டோரே சிகரத்தை 1959-இல் ஏறிவிட்டதாக இத்தாலிய மலையேறி செசரே மேஸ்த்ரி சொன்னார், கூடப்போன டோனி எக்கர் இறங்கும்போது பனிச்சரிவில் மாண்டுபோனார், கேமராவும் அவரோடு போய்விட்டது என்றார். செர்ரோ டோரேயின் கீழ்ப்பகுதியில் எக்கர் ஏறுவதாகச் சொல்லி ஒரு படம் அச்சில் வந்திருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2015-இல், அந்தப் பாறைகளை உள்ளங்கைபோல் அறிந்த மலையேறி ரோலாந்தோ காரிபோட்டி அந்தப் படத்தில் இருக்கும் பாறையை அடையாளம் கண்டார். அது செர்ரோ டோரே இல்லை, பெர்ஃபில் டி இந்தியோ என்ற பக்கத்துச் சிறு கோபுரத்தின் மேற்குப் பக்கம். படத்துக்குக் கீழே இருந்த ஒரு பொய் வரியை, படத்துக்குள் இருந்த பாறையே மறுத்துவிட்டது.

சரி, இனி நேரடியாகக் கேட்கிறேன்.

குடும்பங்களே, பெட்டியை இந்த வருடமே இறக்குங்கள். அந்தக் காலத்து ஸ்லைடுகளில் கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் நிறம் நன்றாகத் தாங்கும், ஆனால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் போட்டுப் போட்டுக் காட்டினால் மங்கிவிடும். அறுபதுகளின் எக்டாக்ரோம் பல பெட்டிக்குள்ளேயே சிவந்துகொண்டிருக்கும். ஸ்கேன் செய்யும்போது ஸ்லைடின் அட்டைச் சட்டத்தையும் சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பென்சிலில் கிறுக்கிய தேதியும் இடமும் பெயரும் அதன்மேல்தான் இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் மூல ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

சங்கங்களே, எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். ஹாஸ்டன் 1977-இல் லேசன் அருகே பனிச்சரிவில் போய்விட்டார், லேனெ 1969-இல் ஆல்ப்ஸின் கிராண்ட் ஜோராஸ் மலையில், பர்க் 1975-இல் எவரெஸ்டில், கோர் 2013-இல். முதுகு காட்டிக்கொண்டு ஏறும் அந்த மனிதர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் போதும்: யார், எங்கே, என்றைக்கு, எடுத்தது யார், ஃபிரேமுக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் தங்கம். ஜெர்மன் குழுவினரிடமும் கேமரா இருந்தது, அவர்கள் பக்கத்துப் படங்களையும் இதே வரிசையில் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் நாள்வாரியாக ஒன்றாக வையுங்கள்.

பத்திரிகைக்காரர்களே, வெட்டாத வடிவம் ஒன்றையாவது போடுங்கள். வானத்தை இன்னும் நீலமாக்க வேண்டாம், கம்ப்யூட்டரை வைத்துத் தெளிவில்லாத முகத்துக்கு ஒரு புது முகம் வரைய வேண்டவே வேண்டாம். அந்தப் பனி அப்பிய முகத்தின் மங்கலும் உண்மையின் ஒரு பகுதி.

மலையேறி நண்பர்களே, அடுத்த முறை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் பாராட்டுங்கள், தாராளமாகப் பாராட்டுங்கள், ஆனால் கூடவே, இது யார், எந்த இடம் என்று கேளுங்கள். தெரிந்தால் நீங்களே எழுதுங்கள். தவறான பெயர் இருந்தால் மரியாதையாகத் திருத்துங்கள். ஷ்ட்ரோபெல், ஹுப்ஃபாவர், ஃபோட்டெலர் என்ற பெயர்களிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
பாறையும் பனியும் ஏறும் ஒருவன்