பழைய பதிவும் புது ஒப்பந்தமும்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள் என்றதும் இங்கே வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். உன் மூட்டுவலிக்கு இயன்மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதே.

இனி நீ கேட்ட விஷயம். தொலைக்காட்சி ஒளிவழிக்கு நீ எடுக்கப்போகும் ஆறு பாகத் தொடருக்கு அந்தப் பையனை இயக்குநராகப் போட முடிவு செய்திருக்கிறாய். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில் அவன் ட்விட்டரில் எழுதியவை இப்போது ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. கையெழுத்துப் போட மூன்று வாரம் இருக்கிறது. ‘விட்டுவிடட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா’ என்று கேட்கிறாய். இரண்டும் இப்போது வேண்டாம். அவன் எழுதியது அத்தனையையும் முதலில் படி. படிக்காமல் விலக்குவது அநியாயம். படிக்காமல் கையெழுத்திடுவது உனக்கும் அவனுக்கும் ஆபத்து.

ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன் விவகாரம் நினைவிருக்கும். 2018 ஜூலை 20 அன்று டிஸ்னி அவரை ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ மூன்றாம் படத்திலிருந்து நீக்கியது. காரணம் ஏறக்குறைய பத்தாண்டு பழைய ட்வீட்டுகள். அருவருப்பான நகைச்சுவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் அப்படி எழுதியவர் என்பது புதுச்செய்தி அல்ல. பழைய வலைப்பதிவு ஒன்றுக்காக 2012இலேயே மன்னிப்புக் கேட்டிருந்தார். அவருடைய அரசியல் எதிரிகள் ட்வீட்டுகளைத் தோண்டி எடுத்துப் போட்டதும் நிறுவனம் கைகழுவியது. வார்னர் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. 2019 மார்ச்சில் டிஸ்னியே திரும்பக் கூப்பிட்டது. அந்தப் படம் 2023 மே மாதம்தான் திரைக்கு வந்தது. ட்வீட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது நிறுவனத்தின் முடிவு மட்டும்தான். இரண்டாம் முடிவுக்கு வேண்டிய யோசனையை முதல் நாளே செய்திருந்தால் இவ்வளவு இழுபறி இல்லை.

இதற்கு நேர்மாறாக ஸ்பானிய நடிகை கார்லா சோஃபியா காஸ்கோன். 2025 ஜனவரியில் அவர் நடித்த ‘எமிலியா பெரெஸ்’ படத்துக்கு 13 ஆஸ்கர் பரிந்துரைகள், அவருக்கும் சிறந்த நடிகைக்கான பரிந்துரை. ஒரு வாரத்துக்குள் 2020, 2021 வாக்கில் எழுதியவை வெளியே வந்தன. முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தேன், சேகர். அது நகைச்சுவை இல்லை. ஒரு சமயத்தார் மீதே வெறுப்பு, அதுவும் திரும்பத் திரும்ப. படித்தபோது எனக்கு வலித்தது. படத்தை வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸைக் கேட்காமல் அவர் தொலைக்காட்சிக்கு நீண்ட பேட்டி கொடுத்தார், அறிக்கைக்கு மேல் அறிக்கை விட்டார். ஒவ்வொன்றும் முந்தையதைக் கெடுத்தது. கடைசியில் படத்துக்குக் கிடைத்தது இரண்டே விருது.

இந்த இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது. உன் பையன் எந்தப் பக்கம் என்பது வாட்ஸ்அப்பில் வந்த நாலு படத்தில் தெரியாது.

அதனால் அவனையே எக்ஸ் தளத்திலிருந்து (ட்விட்டரின் இன்றைய பெயர்) தன் தரவுக் கோப்பை வாங்கச் சொல். அமைப்புகளில் ‘உங்கள் கணக்கு’ பகுதியில் அந்த வசதி இருக்கிறது. கேட்டவுடன் வராது, ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புரொஃபைலைக் கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதே. ஏறக்குறைய கடைசி 3,200 பதிவுகள்தான் அப்படித் தெரியும். பழையது அடியில் கிடக்கும், ஆனால் தேடலில் தேதி போட்டுத் தேடுகிறவனுக்குக் கிடைத்துவிடும். பலர் ஏமாறும் இடம் இது. தன் கண்ணுக்குத் தெரியாததால் அழிந்துபோனது என்று நம்பிவிடுகிறார்கள்.

கோப்பு வந்ததும் ஒரு எக்செல் தாளில் ஏற்று. பதிவின் எண்ணை ஒட்டும் பத்தியை முதலிலேயே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடு. அந்த எண்ணுக்கு 18, 19 இலக்கம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு இணைப்பு எதுவும் திறக்காது. நேரமும் கவனி: கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்டவேண்டும். விடிகாலை நமக்கு ஒரு தேதி, கோப்பில் முந்தின நாள் தேதி. ‘தேதியை மாற்றிவிட்டான்’ என்ற குற்றச்சாட்டு இப்படித்தான் கிளம்பும்.

அடுத்து சொல் தேடல். நம் பிள்ளைகள் அந்த வயதில் தமிழ் எழுத்தில் எழுதியதைவிட ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியதுதான் அதிகம். ஒரே வசைச்சொல்லுக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். மச்சான் என்பதையே எத்தனை விதமாக அடிப்பார்கள் என்று யோசி. அத்தனை வடிவத்தையும் தேடு. கூடவே சிங்லிஷ் வசை, மலாய், ஹொக்கியன் வசை, சாதிப் பெயர்கள், நிறத்தைக் குறிக்கும் சொற்கள், கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களைக் குறிக்கும் சொற்கள். மீம்ஸ் படத்துக்குள் இருக்கும் எழுத்து இந்தத் தேடலில் சிக்காது. படங்களைத் தனியாகக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். மறுபகிர்வுகளையும் விடாதே. இவன் எழுதாததுகூட இவன் பெயரில் நிற்கும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் எழுதிய ட்வீட்டுகளில் பாதி, திரைப்பட நகைச்சுவை வசனம். மேற்கோள் குறி போடமாட்டார்கள், போடத் தேவையும் இல்லை. படிக்கிற எல்லாருக்கும் எந்தக் காட்சி என்று தெரியும். கறுப்பு நிறத்தை, பெண்ணை, திருநங்கையரைக் கேலி செய்யும் வசனங்கள் அதில் ஏராளம். அதை எக்ஸின் தானியங்கி மொழிபெயர்ப்பில் ஒருவர் ஆங்கிலத்தில் படித்தால் அது இவனுடைய சொந்தக் கருத்தாகத்தான் தெரியும். ஒளிவழியில் முடிவெடுக்கும் மேலாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த அரைகுறை மொழிபெயர்ப்பை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். இன்னொன்று: 2017 நவம்பர் வரை ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்து. தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும் என்பதால் இடம் இன்னும் குறைவு. ஒரு கருத்தை மூன்றாக வெட்டிப் போடுவார்கள். சுற்றி வரும் படத்தில் நடுத்துண்டு மட்டும் இருக்கும்.

ஆகவே சிக்கலான ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி ஒதுக்கு. தேதி, இணைப்பு, மூல வாசகம், யாருக்குப் பதிலாக எழுதியது, முன்னும் பின்னும் என்ன இருந்தது, நேர்மையான ஆங்கில மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை நீ செய்யாதே, அவனும் செய்யக்கூடாது. இந்தத் தொடரில் பங்கில்லாத ஒருவர், இரு மொழியும் தெரிந்தவர், செய்யட்டும். சொல்லை மென்மையாக்கினால் அடுத்த வாரமே யாராவது பிடித்துவிடுவார்கள்.

சுற்றிவரும் படங்களில் போலி இருக்கலாம். யாரிடமிருந்து வந்தாலும் இணைப்பைக் கேள். பதிவு எண் கிடைத்தால் நேரத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது: எண்ணை 4194304 ஆல் வகு, முழு எண்ணை எடுத்து 1288834974657 ஐக் கூட்டு. வருவது 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிவினாடிகள். படத்தில் உள்ள தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் படத்தை நம்பாதே. 2010 நவம்பருக்கு முந்தைய பதிவுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அப்போது எண்முறை வேறு.

எடை போடும்போது, சொல் எவ்வளவு கொச்சை என்பதைவிட எத்தனை முறை, எத்தனை ஆண்டுகள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். 17 வயதில் ஒரே மாதத்தில் எழுதிய பத்து கொச்சை ஜோக் எனக்குப் பெரிதில்லை. நாகரிகமான நடையில் ஒரு இனத்தைப் பற்றி ஐந்து ஆண்டு தொடர்ந்து எழுதியிருந்தால் அது பெரிது. கடைசிப் பதிவு எப்போது என்பதும் முக்கியம். நிஜமான ஒரு ஆளைக் குறிவைத்து, உதாரணமாக வகுப்புத் தோழி ஒருத்தியை, எழுதியிருந்தால் அது தனி. ஊருக்கு அறிக்கை விடுவதற்கு முன்னால் அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். அதுதான் முறை.

பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லாதே. படம் சுற்றத் தொடங்கியபின் கணக்கையே மூடினால் ஒளிக்கிறான் என்ற பெயர்தான் வரும். அவன் பக்கம் பேசக்கூடிய நல்ல பதிவுகளும் சூழலும் சேர்ந்து போய்விடும். அழித்த பக்கம் இணையக் காப்பகத்தில் இருக்கவும் கூடும். முதலில் முழுக்கோப்பைப் பத்திரப்படுத்தட்டும். பிறகு, இன்று எழுதமாட்டேன் என்று அவன் நினைப்பதை எடுக்கட்டும். எடுத்ததை மறைக்காமல் சொல்லட்டும். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என மாற்றலாம். ஆனால் அழித்தது 30 நாள் குப்பையில் கிடக்கும், குழுக்களில் எழுதியதும் பிறர் பக்கத்தில் போட்ட கருத்தும் அப்படியே நிற்கும். அதைச் செயல்பாட்டுப் பதிவேட்டில் போய்த் தேடவேண்டும்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. ஹாலிவுட்டில் இது பெரும்பாலும் பெயர், பணம் சம்பந்தப்பட்டது. சிங்கப்பூரில் இனம், சமயம் தொட்டால் சட்டமே வந்து நிற்கும். குற்ற வழக்குக்குப் பொதுவாகக் காலவரம்பு இல்லை என்பதால் பழசு என்பது கவசம் ஆகாது. இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது உனக்குத் தெரியும். யாராவது போலிஸில் புகார் கொடுத்துவிட்டால், அதன் பிறகு ஒரு பதிவையும் தொடக்கூடாது. சாட்சியத்தை அழித்த குற்றம் தனியாகச் சேரும். அந்த நிலையில் வழக்கறிஞர்தான் பேசவேண்டும், நீயோ நானோ இல்லை. மறுபக்கம், கோபத்தில் யாராவது அவன் வீட்டு முகவரியையோ அம்மாவின் தொலைபேசி எண்ணையோ போட்டுத் தொல்லை கொடுத்தால் அதுவும் குற்றம்தான். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2020 முதல் அதற்கு இடம் இருக்கிறது. ஆதாரத்தை உடனே சேமிக்கச் சொல்.

அறிக்கை வேண்டியிருந்தால் நூறு சொல் போதும். எதை எழுதினேன், எப்போது, யாரைப் புண்படுத்தியது, அது தவறு. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கினால் கேட்பவருக்கு இன்னும் கோபம் வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில், எழுதிய அதே கணக்கில். அதன் பிறகு பேட்டி வேண்டாம், பதிலுக்குப் பதில் வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மாதிரியில், நடத்தை சரியில்லை என்றால் ஆளை நீக்கலாம் என்னும் நன்னடத்தை ஷரத்து ‘தயாரிப்பாளரின் முழு விருப்பப்படி’ என்று முடிகிறது. அதை எடுத்துவிடு. இந்த ஷரத்து 1921இல் யூனிவர்சல் நிறுவனம் தொடங்கிவைத்தது. 1947க்குப் பிறகு அரசியல் கருத்துக்காகத் திரைக்கதை எழுத்தாளர்களை வெளியே தள்ள ஸ்டூடியோக்களுக்கு அதே ஷரத்துதான் கைகொடுத்தது. அகலமாக எழுதினால் நினைத்த நேரத்தில் யாரையும் வெட்டலாம். அதற்குப் பதிலாக, நீ தயாரித்த பட்டியலையே இணைப்பாகச் சேர். பட்டியலில் உள்ள எதற்காகவும் பின்னால் நீக்க முடியாது என்று எழுது. அவன் மறைத்தது பிறகு வந்தால் எழுத்துமூல அறிவிப்பு, ஐந்து வேலைநாள், அவன் தரப்பைக் கேட்டபின் முடிவு. நீக்கினாலும் முடித்த வேலைக்கான தொகை கட்டம் கட்டமாக உண்டு. எத்தனை பாகம் இயக்கினானோ அத்தனைக்கும் டைட்டிலில் பெயர் உண்டு. சுயதொழில் செய்வோருடனான ஒப்பந்தங்களுக்கு அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த முத்தரப்புத் தர நிர்ணயம், தொகையும் தேதியும் தகராறு தீர்க்கும் வழியும் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. அதையே பின்பற்று. தொகைத் தகராறு 20,000 வெள்ளி வரை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலேயே முடிக்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை.

நீ கவனிக்காமல் விட்டது ஒன்று. ஒளிவழியோடு நீ போடும் ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டால் 24 மணி நேரத்தில் ஆளை மாற்றவேண்டும் என்று இருக்கிறது. இவனுக்கு நீ ஐந்து நாள் கொடுத்தால், நடுவில் உள்ள நாலு நாள் செலவும் உன் தலையில். படப்பிடிப்புக் குழு, கேமரா வாடகை, இடத்துக்கான அனுமதி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒளிவழியிடம் இப்போதே பட்டியலைக் காட்டி, அந்த 24 மணி நேரத்தைத் தளர்த்தக் கேள். தரமாட்டேன் என்றால் ‘படப்பிடிப்பு நிறுத்தம், விசாரணை முடியும்வரை’ என்றாவது மாற்று. முன்னரே காட்டிய பட்டியலைப் பிறகு யாரும் அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. உன் கையில் உள்ள பெரிய பலம் அதுதான். நடுவில் ஆளை மாற்ற நேர்ந்தாலும் வேலை நிற்காதபடி, இணை இயக்குநரிடம் ஷாட் பட்டியலும் கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) குறிப்பும் தினமும் போய்ச் சேரட்டும். இது எந்தப் படப்பிடிப்புக்கும் நல்லது, அவன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

அவனோடு உட்காரும்போது ‘நீ இனவெறியனா’ என்று கேட்காதே. ஒவ்வொரு வரியாக எடுத்து, இது யாருக்குப் பதில், அப்போது என்ன நடந்தது என்று கேள். இரண்டு மணி நேரம் ஆகும். மழுப்புகிறானா, நேராகச் சொல்கிறானா என்று உனக்கே தெரிந்துவிடும். நேராகச் சொன்னால், பட்டியலும் பெரிதாக இல்லை என்றால், கையெழுத்திடு. இட்டபின் முதல் சத்தத்துக்கே கையை விடாதே. பாதியில் விட்டால் அவனுக்கு இந்தச் சிறிய ஊரில் வேறு வேலை கிடைக்காது.

தரவுக் கோப்பை இன்றே கேட்கச் சொல். அது வந்தபின்தான் மற்ற வேலை. இரு ஒப்பந்த வரைவுகளையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் வார இறுதியில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
காசிம்